வேகம் வேறு, எட்டும் தூரம் வேறு

நம் உறுப்பினர்களில் பலர் இப்போது மாதாமாதம் இணையக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கடைச் செலவில் எழுதுகிறார்கள். முன்பெல்லாம் இப்படி ஒரு தலைப்பே நம் பேரேட்டில் கிடையாது. இன்று வாடகை, கூலி, மின்கட்டணம் ஆகியவற்றோடு இதுவும் நிரந்தரச் செலவாகிவிட்டது. கொடுக்கிற பணத்துக்கு உரிய பலன் கடையின் பின்கட்டுக்கும், கிட்டங்கிக்கும், மாடியில் இருக்கும் வீட்டுக்கும் வந்து சேருகிறதா என்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கல்லாவில் நன்றாக வருகிறது, உள்ளே போனால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எங்கும் கேட்கும் பேச்சு.

இது பொழுதுபோக்குச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து நம் கணக்கு முழுவதும் இணையம் வழியாகத்தான் அரசுக்குப் போகிறது. மாதத் தாக்கல் செய்பவர்கள் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கும் கொடுத்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வரிக்குட்பட்ட சரக்கு வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும் போனால் இ-வே பில் இல்லாமல் லாரி நகராது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். மூட்டை ஏற்றிவிட்டு, பில் வரவில்லை என்று டிரைவர் பீடி குடித்துக்கொண்டு நிற்கும் அரைமணி நேரமும் நம் கணக்கில்தான் விழுகிறது.

நம் தென் மாவட்டக் கடைவீதிகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். மதுரை கீழமாசி வீதியானாலும் விருதுநகர் பஜாரானாலும் பழைய கட்டடங்கள் அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருவைப் பார்த்துக் கடை, அதற்குப் பின்னால் கிட்டங்கி, அதற்கும் பின்னால் அல்லது மாடியில் வீடு. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிற பையன் தெருக்கம்பத்திலிருந்து கம்பியை இழுத்து, எங்கே துளை போடச் சுலபமோ அங்கே போட்டு, வாசல் ஷட்டருக்கு மேலே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு பார்க்க வேண்டுமோ! ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து புறப்படும் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. நடைபாதையில் நிற்கிறவர்களுக்கு நான்கு கோடு. நம் கிட்டங்கிக்கு ஒரு கோடு.

நம் உறுப்பினர் ஒருவர் மாடி வீட்டில் இணையம் வரவில்லை என்று இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தார். “அண்ணாச்சி, நீங்க வச்சிருக்கிறது 40 எம்.பி.பி.எஸ். பிளான். 100 போட்டுருங்க, பறக்கும்” என்றார்களாம். போட்டார். வாசலில் பறந்தது, மாடியில் நின்றது நின்றபடி நின்றது. மறுபடி போன் செய்தால், “அப்ப 200 எடுத்துக்கிடுங்க” என்று பதில். மாதக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மாடியில் மருமகள் இன்னமும் மாடிப்படியில் உட்கார்ந்துதான் ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்கிறார். துவரம்பருப்பு கிலோவுக்கு 50 காசு கூடினால் நான்கு கடை விசாரிக்கிற மனிதர், இந்த விஷயத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் கட்டியிருக்கிறார். அவர் ஒருவர் மட்டுமல்ல. நம் வீதியில் இப்படி ஏராளம்.

வேகம் என்பது தெருவிலிருந்து ரவுட்டர் வரை எவ்வளவு சரக்கு வருகிறது என்பது. எட்டும் தூரம் என்பது ரவுட்டரிலிருந்து நம் கை வரை அதில் எவ்வளவு வந்து சேருகிறது என்பது. முன்னதற்குத்தான் மாதக் கட்டணம். பின்னதைத் தீர்மானிப்பது நம் சுவர். ஒன்றரை அடி கனத்துக்குச் சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய பழைய சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அலையை விழுங்கும். அடுக்கி வைத்த எண்ணெய் டின்னும், இரும்பு பீரோவும், ஃபிரிட்ஜும் அதைத் திருப்பி அடிக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியும் ஒரு தடைதான். ரவுட்டர் பேசும் அலைவரிசைகள் பொதுவாக இரண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது மெதுவாகப் போகும், ஆனால் சுவரை ஓரளவு ஊடுருவும். இரண்டாவது வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் ஓய்ந்துவிடும். 200 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டதனால் சுவர் மெலிந்துவிடாது.

ஆகவே ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ரவுட்டரை நகர்த்துவது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. கட்டடத்துக்குள் இன்னும் இருபது, முப்பது மீட்டர் கூட இழுத்தாலும் அதில் சொல்லத்தக்க இழப்புக் கிடையாது. இணைப்புக்காரரிடம் சொன்னால் சிறு தொகைக்கு உள்ளே இழுத்துத் தருவார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இழையை மட்டும் கூர்மையாக மடக்கக் கூடாது. உள்ளே உடைந்தால் வெளியே தெரியாது. பல கட்டடங்களில் இந்த ஒரு காரியத்திலேயே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எக்ஸ்டெண்டர் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். அவர் வியாபாரம் அப்படி.

நகர்த்தியும் போதவில்லை என்றால் எக்ஸ்டெண்டருக்கு வரலாம். சுவர் பிளக்கில் செருகும் கைக்கு அடக்கமான பெட்டி அது. அந்தக் காலத்தில் கடைத் தொலைபேசிக்கு வீட்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தோமே, பெயர் அதைப் போல இருந்தாலும் வேலை வேறு. இதற்குக் கம்பி கிடையாது. ரவுட்டர் சொல்வதைக் காற்றில் கேட்டு, திரும்ப உரக்கச் சொல்லும். சந்தையில் ஏலக்காரர் சொல்லும் விலையைக் கூட்டத்தின் நடுவில் நிற்கும் ஒருவர் கேட்டுப் பின்னால் நிற்பவர்களுக்குச் சொல்வதைப் போல. நடுவில் நிற்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை என்றால் பின்னால் இருப்பவருக்கு என்ன போய்ச் சேரும்?

இங்கேதான் நம்மவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். சிக்னல் வராத இடம் எதுவோ, அந்த மூலையிலேயே கொண்டுபோய் எக்ஸ்டெண்டரைச் செருகுகிறார்கள். போனில் நான்கு கோடும் நிறைந்து தெரியும்; ஒரு பக்கமும் திறக்காது. போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே சிக்னல் பலம், எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒன்றுமில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரவுட்டருக்கும் இருண்ட மூலைக்கும் பாதி வழியில், ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சற்று ரவுட்டர் பக்கமே தள்ளி வையுங்கள். அளந்து பார்க்கவும் வழி உண்டு. சிக்னல் அளக்கும் இலவச செயலிகள் ஆண்ட்ராய்டு போனில் கிடைக்கின்றன. கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும். அது 50-ஐ ஒட்டி இருந்தால் உத்தமம். 65 வரை வேலை நடக்கும். 80-ஐத் தொட்டால் அந்த இடத்தில் எக்ஸ்டெண்டர் வைத்துப் பயனில்லை.

பொருத்துவது பெரிய வித்தையல்ல. முதலில் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே எக்ஸ்டெண்டரைச் செருகுங்கள். இரண்டிலும் டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தான் இருந்தால் ரவுட்டரில் ஒரு தடவை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டரில் அழுத்தினால் தானே சேர்ந்துகொள்ளும். பொத்தான் இல்லையென்றால், எக்ஸ்டெண்டர் தன் பெயரில் காட்டும் வைஃபையில் போனை இணைத்து, கையேட்டில் சொன்ன முகவரியைத் திறந்து, நம் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். விளக்கு நிலையாக எரிந்ததும் கழற்றிப் பாதி வழி இடத்துக்குக் கொண்டுபோகலாம். மறுபடி எதுவும் செய்யத் தேவையில்லை. ரவுட்டரின் கடவுச்சொல்லைப் பின்னால் எப்போது மாற்றினாலும் எக்ஸ்டெண்டரிலும் மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, பெட்டி கெட்டுப்போயிற்று என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

மலிவான எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைச் சொல்லிச் சிலர் எக்ஸ்டெண்டரே வேண்டாம் என்கிறார்கள். நமக்கு அது ஏற்புடையதாக இல்லை. பில் போடவும், யு.பி.ஐ. வரவு பார்க்கவும், இ-வே பில் எடுக்கவும் 5 எம்.பி.பி.எஸ். தாராளம். 40-இல் பாதி 20 என்றாலும் நம் தொழிலுக்கு அது மிச்சம்தான். கண்காணிப்புக் கேமரா விஷயம் மட்டும் வேறு. ஒவ்வொரு கேமராவும் இரண்டு, மூன்று எம்.பி.பி.எஸ். வரை இடைவிடாமல் இழுக்கும். நான்கு கேமராவை எக்ஸ்டெண்டரில் தொங்கவிட்டால் பில் மெஷினுக்கு ஒன்றும் மிஞ்சாது. கேமராவுக்குக் கம்பிதான் சரி.

பெட்டியின் மேல் 300, 1200 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1200 என்பது ஓர் அலைவரிசையில் 300, இன்னொன்றில் 867 என்று இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றிச் சொல்வது. சாக்கின் எடையையும் சேர்த்து மூட்டை எடை சொல்வதைப் போலத்தான். கைக்கு வருவது அதில் ஒரு பங்கு. ஆனாலும் இரண்டு அலைவரிசையும் உள்ளதை வாங்குவதே நல்லது. ஒன்றில் கேட்டு மற்றொன்றில் சொல்லும் வசதி பலவற்றில் இருப்பதால் வேகம் அவ்வளவு குறையாது.

சொந்தக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு நம் யோசனை, கம்பி இழுத்துவிடுவதுதான். ரவுட்டரிலிருந்து கிட்டங்கிக்கு அல்லது மாடிக்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். நூறு மீட்டர் வரை குறையில்லாமல் போகும். பல எக்ஸ்டெண்டர்களில் இந்தக் கேபிளைச் செருகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் கொடுத்து, அமைப்பில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று மாற்றிவிட்டால், காற்றில் கேட்கும் வேலை அதற்கு இல்லை; வேகம் பாதியாகும் பேச்சும் இல்லை. அப்போது அதை இருண்ட மூலையிலேயே வைக்கலாம். வாடகைக் கட்டடத்தில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காதபோதுதான் காற்று வழியை நாட வேண்டும்.

கேபிள் வாங்கும்போது நம் தொழில் புத்தியைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள். கேட்-6 என்று அச்சிட்டு, உள்ளே அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிரப் பூச்சுப் பூசிய சரக்கு சந்தையில் ஏராளமாக ஓடுகிறது. விலை மலிவு. நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். முழுத் தாமிரக் கம்பி சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இதெல்லாம் பெரிதா? மின்சார வயரோடு ஒரே குழாயில் இதை இழுக்காதீர்கள். திறந்த மொட்டை மாடி மேல் கொண்டுபோவதையும் தவிருங்கள். இடி மின்னல் காலத்தில் அந்த வழியே இரண்டு பக்கப் பெட்டியும் போய்விடக்கூடும்.

கிட்டங்கிக்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. எலி முதலாவது. அரிசிச் சாக்கைக் கடிக்கிற பல் கேபிளையும் விடாது; பி.வி.சி. குழாய்க்குள் போடாமல் தரையோரமாக இழுத்தால் மூன்று மாதம் தாங்குவது அபூர்வம். இரண்டாவது தூசி. வற்றல், மல்லித் தூள், கோதுமை மாவு படிந்தால் எக்ஸ்டெண்டரின் காற்றுத் துளைகள் அடைத்துச் சூடேறும். வாரம் ஒரு தடவை துடைக்க வேண்டும். மூட்டை அடுக்குக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. மூன்றாவது கரண்ட். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் கொடுத்திருப்போம். எக்ஸ்டெண்டர் செருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மின்தடையில் ரவுட்டர் எரியும், எக்ஸ்டெண்டர் அணையும், கிட்டங்கியில் பில் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயிண்டை மாற்றிக்கொள்வது பத்து நிமிட வேலை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். மொபைல் டவர் சிக்னல் வேறு, வைஃபை வேறு. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்குமே கடவுச்சொல்லுக்கு மேல் ஓ.டி.பி.யும் கட்டாயமாகிவிட்டது. கிட்டங்கிக்குள் டவர் கிடைக்காததால் அந்த எஸ்.எம்.எஸ். வரவில்லை என்றால், அதை வைஃபை எக்ஸ்டெண்டர் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்தக் குறையைப் பயன்படுத்தி, “மொபைல் பூஸ்டர்” என்று ஆன்டெனாவோடு ஒரு பெட்டியைச் சிலர் விற்க வருகிறார்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்ட விரோதம்; அக்கம்பக்கத்து டவர்களையே அது குலைக்கும் என்பதால் அதிகாரிகள் பறிமுதல் செய்கிறார்கள், வழக்கும் வரும். வைஃபை எக்ஸ்டெண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது பயன்படுத்தும் அலைவரிசைகளுக்கு நம் நாட்டில் தனி உரிமம் தேவையில்லை என்று 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு விரிவாக 2018-லும் அரசு விதி வகுத்துவிட்டது. பெயரில் இரண்டும் ஒன்று போலத் தொனிப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

எட்டும் தூரம் கூடினால் எட்டக் கூடாதவர்களுக்கும் எட்டும். வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் அனுப்ப டவர் இல்லை என்கிறார்; நாமும் நல்ல மனதோடு வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறோம். சில கடைகளில் அதை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதே வைஃபையில்தான் நம் பில் கம்ப்யூட்டரும், அதில் வரவு செலவு, கடன் பாக்கி விவரம் அத்தனையும் இருக்கிறது. கல்லாச் சாவியை ஆணியில் மாட்டி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. பெரும்பாலான ரவுட்டர்களிலும் பல எக்ஸ்டெண்டர்களிலும் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி உண்டு. வாடிக்கையாளருக்கு அது, நமக்கு நம்முடையது. பெட்டியோடு வரும் ‘அட்மின்’ கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

இதையெல்லாம் நமக்கு எதற்கு, பையன் பார்த்துக்கொள்வான் என்று நம் வயதொத்த வணிகர்கள் சொல்லக் கேட்கிறோம். பையன் பார்ப்பான்தான். அவன் தன் போனில் படம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுவான். நம் வீடுகளில் கணக்கு எழுதுவது யார் என்று யோசித்தால் விஷயம் புரியும். பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். கடை சாத்திய பிறகு, அடுப்படி வேலை முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் பில் கட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். கட்டடத்திலேயே சிக்னல் மிகக் குறைந்த இடம் எதுவோ, அங்கேதான் அவர்களுக்கு இடம். சிலர் 20-ஆம் தேதி இரவு கீழே இறங்கி, பூட்டிய கடைக்குள் ஷட்டரை ஒட்டி உட்கார்ந்து தாக்கல் செய்கிறார்கள். ஒட்டடைக்கும் கொசுவுக்கும் நடுவே. ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும், எக்ஸ்டெண்டர் எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான். தராசு மட்டமாக இருக்கிறதா என்று தினமும் காலையில் நாமேதான் பார்க்கிறோம். அதை வேலையாளிடம் விடுவதில்லை. இதுவும் அப்படிப் பார்க்க வேண்டிய கடைச் சாமான்தான்.

வாங்கும்போது கடையின் ஜி.எஸ்.டி. எண் போட்டுப் பில் கேளுங்கள். இதற்கு வரி 18 சதவீதம். கடைத் தேவைக்கு வாங்கியது என்றால் உள்ளீட்டு வரி எடுத்துக்கொள்ளலாம். வீட்டு உபயோகப் பங்குக்கு எடுக்க முடியாது, காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் கிடையாது. பில் இல்லாமல் இருநூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் உத்தரவாதமும் இருக்காது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் ஒரு சரக்கும் வாங்குவதில்லை. எக்ஸ்டெண்டரை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். இரண்டு அலைவரிசையும் கேபிள் ஓட்டையும் உள்ள எக்ஸ்டெண்டர் இரண்டும், முப்பது மீட்டர் நல்ல தாமிரக் கேபிள் ஒரு சுருளும் சங்க அலுவலகத்தில் வாங்கி வைக்கலாம். உறுப்பினர் கையெழுத்துப் போட்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு போய்த் தம் கட்டடத்தில் வைத்துப் பார்க்கட்டும். ரவுட்டரை நகர்த்தினாலே போதுமா, எக்ஸ்டெண்டர் வேண்டுமா, கம்பிதான் வழியா என்று அவருக்கே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும்போது எந்த மாதிரிக் கட்டடம், எங்கே வைத்தார், என்ன கிடைத்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகட்டும். அடுத்த கடைக்காரருக்கு உதவும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொண்டால், ஓர் எக்ஸ்டெண்டரின் விலையை எங்கள் மண்டிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.